டீச்சரிடம் கேளுங்கள்: குளச்சல் தூணும் கோட்டைக்குள் ஒரு கல்லறையும்

நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான குளச்சலில், 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை வென்றதன் நினைவாக ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. சென்ற இதழில் அதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் மற்றக் கேள்விகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, போர் நடந்த இடங்களில் நிற்கும் கற்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

குளச்சல் வாசகர் ஒருவர்: டீச்சர், எங்கள் ஊர்த் தூணை அறுபது வருடமாகக் கடந்து போகிறேன். போன வாரம் பேரன், "தாத்தா, யார் யாரோடு சண்டை போட்டார்கள்? எதற்காக?" என்று கேட்டான். டச்சுக்காரர்களைத் தோற்கடித்தோம் என்று சொன்னேன். "எதற்காக?" என்பதற்குப் பதில் வரவில்லை.

மிளகுக்காக ஐயா. பேரனிடம் அதிலிருந்தே தொடங்குங்கள். அடுக்களையிலிருந்து நாலு மிளகு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கதையைச் சொல்லுங்கள். வகுப்பில் நான் அப்படித்தான் செய்வேன். மிளகைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழியக் கதை கேட்ட பிள்ளைகள் யாரும் அதன் பிறகு 1741-ஐ மறந்ததில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மலையாளக் கரையின் சிறு அரசர்களோடு ஒப்பந்தம் போட்டு, தான் குறித்த விலைக்கு மிளகை வாங்கிக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. 1729-இல் வேணாட்டு (பின்னாளில் திருவிதாங்கூர்) அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா அந்தச் சிறு அரசுகளை ஒவ்வொன்றாகத் தன் ஆட்சிக்குள் கொண்டுவரத் தொடங்கினார். கொட்டாரக்கரையை ஆண்ட இளையிடத்து சொரூபம் அவர் கைக்கு வந்ததும் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. ஒப்பந்தங்கள் எல்லாம் செல்லாக்காசாகிவிடும் என்று அஞ்சியது. இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து மன்னரை மிரட்டிப் பார்த்தார். "படை வந்தால் எனக்குக் காடு இருக்கிறது, நானே ஐரோப்பாவின் மேல் படையெடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளில் மன்னர் பதில் சொன்னதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன.

இலங்கையிலிருந்து கப்பலில் வந்த டச்சுப் படை உங்கள் குளச்சலில் இறங்கியது. கரையில் மரவேலி அடித்து முகாம் போட்டது. அங்கிருந்து உள்ளே வந்து இரணியல் பக்கத்து ஊர்களைச் சூறையாடிக்கொண்டு, தலைநகரமான பத்மநாபபுரத்தைக் குறிவைத்து நகர்ந்தது. வடக்கே இருந்த மன்னர் படையோடு விரைந்து திரும்பி வந்தார். டச்சுக்காரர்கள் மறுபடியும் கரைக்கே தள்ளப்பட்டார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். அது ஆடி மாதம். ஆடிக் கடல் எப்படி இருக்கும் என்று குளச்சல்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் கரையை நெருங்குவதும் கரையில் இருப்பவனுக்கு ஒரு மூட்டை அரிசி இறக்குவதும் எவ்வளவு கடினம்! ஜாவாவிலும் அப்போது கம்பெனிக்குப் பெரும் போர். அதனால் அங்கே கம்பெனியின் தலைமையிடமாக இருந்த பட்டாவியாவிலிருந்தும் (இன்றைய ஜகார்த்தா) உதவி வரவில்லை. முற்றுகைக்குள் இருந்த முகாமில் ஒரு பீரங்கிக் குண்டு வெடிமருந்துப் பீப்பாய் ஒன்றின் மேல் விழுந்தது. தீ பரவி அரிசிக் கையிருப்பு முழுவதும் எரிந்தது. அரிசி போன பிறகு போர் முடிந்த மாதிரிதான். சரணடைந்தார்கள்.

வரலாற்று நூல்கள் இதைப் படைத்திறமையின் வெற்றி என்று எழுதும். அது உண்மைதான். ஆனால் ஆடிக் கடலுக்கும் எரிந்த அரிசிக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு என்பதையும் பேரனுக்குச் சொல்லுங்கள்.

மணவாளக்குறிச்சி வாசகி: போர் நடந்த நாள் ஜூலை 31 என்கிறார்கள், ஆகஸ்ட் 10 என்றும் படித்திருக்கிறேன். எது சரி?

இரண்டுமே அச்சில் இருக்கின்றன. பெரும்பாலான நூல்கள் ஆகஸ்ட் 10 என்கின்றன. இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் குளச்சல் தூணில் மலர்வளையம் வைத்து மரியாதை செய்வது ஜூலை 31 அன்று. பழைய திருவிதாங்கூர் நாயர் படையின் வழிவந்த பட்டாலியன் அந்த ரெஜிமெண்டில் இருக்கிறது. இது ஒரே நாளில் முடிந்த சண்டை அல்ல, பல நாள் நீடித்த முற்றுகை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் 1741 என்பதை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

மார்த்தாண்டம் வாசகர்: பனந்தடிகளை மாட்டு வண்டிகளில் அடுக்கிப் பீரங்கி மாதிரி காட்டி டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள், மீனவர்கள் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு துப்பாக்கி வீரர்களைப் போலக் கரையில் வரிசையாக நின்றார்கள் என்று என் பாட்டி சொல்வார். இது உண்மையா, கட்டுக்கதையா?

வாய்மொழிக் கதை. போர் ஆவணம் என்று இதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வராது.

காரணம் சொல்கிறேன். போர் நடந்தது மீனவர் ஊரில். கப்பலை முதலில் கண்டவர்கள் அவர்கள். குடிசையும் வள்ளமும் வலையும் பறிபோனது அவர்களுக்கு. அந்தக் கடலில் பாறை எங்கே கிடக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்களா? நான் பார்த்த கல் எதிலும் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கல்லில் இடம் கிடைக்காதவர்கள் கதையில் தங்களுக்கு ஓர் இடம் செய்துகொள்கிறார்கள். பனந்தடியும் துடுப்பும் அவர்கள் கைக்கு எட்டிய பொருள்கள். கதையிலும் அவையே வருகின்றன, வாளும் குதிரையும் வரவில்லை. உங்கள் பாட்டி சொன்னதை, சொன்ன மாதிரியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "பாட்டி சொன்னது" என்று மேலே குறித்துவிடுங்கள். வரலாற்றுக்கும் துரோகம் இல்லை, பாட்டிக்கும் துரோகம் இல்லை.

நாகர்கோவில் வாசகர்: மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு அழைத்துப் போனான். சாலையோரம் பத்தடிக்கு ஒரு பலகை, ஒரு தூண், ஒரு பீரங்கி. ஒரு நாள் முழுக்கப் படித்தாலும் தீராது போலிருந்தது. நம் மாவட்டத்தில் எத்தனை போர்கள் நடந்திருக்கின்றன! விரல் விட்டு எண்ணும்படிதான் கல் இருக்கிறது. அவர்களைப் போல நாமும் ஏன் செய்யவில்லை?

கெட்டிஸ்பர்க்கில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன ஐயா. எண்ணிக்கையில் அவர்களோடு நாம் போட்டி போட வேண்டியதில்லை. அங்கே கற்றுக்கொள்ள வேறொன்று இருக்கிறது. நீங்கள் கண்ணால் பார்த்தும் ஒருவேளை கவனிக்காமல் வந்திருப்பீர்கள்.

முதலில் மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்கள் ஒரு பக்கம், ஒன்றிய அரசு மறுபக்கம். பென்சில்வேனியாவில் உள்ள கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில் 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாள் நடந்த சண்டையில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். நான்கு மாதம் கழித்து அங்கே வீரர் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழாவில்தான் லிங்கன் இரண்டே நிமிடத்தில் முடிந்த தன் புகழ்பெற்ற உரையை ஆற்றினார்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். அந்தக் களத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் கருங்கல் பீடத்தின் மேல் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. அந்தப் பிரிவு எந்த நேரத்தில் எங்கே நின்றது, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் காயம்பட்டார்கள் என்று எழுதியிருக்கும். பீடத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒன்றியப் படையின் பலகை சதுரப் பீடத்தில் நிற்கும். தென்னவர் படையின் பலகை வட்டப் பீடத்தில் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே இது யார் நின்ற இடம் என்று தெரிந்துவிடும். இரு தரப்புக்கும் பலகை உண்டு, இரு தரப்பு இழப்புக்கும் கணக்கு உண்டு. புகழ்ச்சியும் பழிச்சொல்லும் இல்லாமல் எழுத வேண்டும் என்பது அந்தப் பலகைகளை வைத்தவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட விதி. இதை நான் முதலில் படித்தபோது அந்த வரியை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

எல்லாக் கல்லும் இப்படி நேர்மையானது என்று நினைத்துவிடாதீர்கள். அதே அமெரிக்காவில், போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, தென்னவர் தளபதிகளுக்கு ஊர்ச் சதுக்கங்களில் வைத்த சிலைகள் ஏராளம். அடிமை முறைக்காகப் போரிட்டவர்களை வீரர்களாக மட்டும் காட்டிய அந்தச் சிலைகளில் பலவற்றை அண்மை ஆண்டுகளில் அகற்றிவிட்டார்கள். ஆகவே எந்தக் கல்லின் முன் நின்றாலும் பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பேன். யார் நட்டார்கள்? எப்போது நட்டார்கள்? அந்த இடத்தில் நின்றவர்களில் யாருடைய பெயர் இதில் இல்லை?

குளச்சலுக்கு எனக்கும் ஓர் ஆசை உண்டு. தூணுக்குப் பக்கத்தில், பார்வை மட்டத்தில், தமிழில் ஒரு பலகை. டச்சு முகாம் எந்தப் பக்கம் இருந்தது, படை எந்த வழியாக வந்தது, கரை ஊர்களுக்கு என்ன நேர்ந்தது, இரு தரப்பிலும் ஊர் பேர் தெரியாமல் செத்தவர்கள் உண்டு என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். மிளகு என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

தக்கலை, கல்லூரி மாணவர்: உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை இருக்கிறது. நம்மை அடிக்க வந்து தோற்றவனுக்கு நம் மண்ணில் ஏன் இவ்வளவு மரியாதை?

நல்ல கேள்வி தம்பி. கோபத்தோடு கேட்டிருக்கிறாய், அதுவும் நல்லதுதான். ஒருநாள் புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கல்லறை முன் கால் மணி நேரம் நின்றுவிட்டு வா.

யூஸ்டாக்கியஸ் டிலனாய் குளச்சலில் சிறைப்பட்ட கேப்டன். கம்பெனிச் சம்பளத்தில் இருந்தாலும் பிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பக்கத்து) இனத்தவர், கத்தோலிக்கர். மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. "என் படைக்கு உன் வித்தையைச் சொல்லிக்கொடு" என்றார். அவர் திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் துப்பாக்கி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் புதுப்பித்தார். அதற்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை அமைந்தது. கன்னியாகுமரி பக்கத்தில் கடலுக்குள் கால் நீட்டி நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கை பட்டதுதான். மக்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்று அழைத்தார்கள். அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, பின்னால் புனிதர் தேவசகாயம் என்று உலகம் அறிந்தவர், கிறிஸ்தவத்தை முதலில் அறிந்ததும் இவர் மூலமாகத்தான். டிலனாயின் மகன் 1765-இல் களக்காட்டில் திருவிதாங்கூருக்காகப் போரிட்டு இறந்தான். வயது 19. தகப்பனுக்குப் பக்கத்திலேயே அவனும் கிடக்கிறான்.

கல்லறை இருப்பது கூரை போன ஒரு சிற்றாலயத்துக்குள். மேலே வானம், சுற்றிலும் சுவர். கல்லில் எழுத்து இரண்டு மொழியில்: லத்தீனிலும் தமிழிலும். லத்தீன் வாசகம் "நில், வழிப்போக்கனே" என்று தொடங்குகிறது. ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்தார், காயங்குளம் முதல் கொச்சி வரை எல்லா நாடுகளையும் படைவலிமையால் மன்னருக்கு அடிபணிய வைத்தார், 62 ஆண்டும் ஐந்து மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1-இல் இறந்தார் என்று போகிறது. முழுக்கப் படித்தால் இன்னொன்றும் புரியும். காயங்குளத்துக்காரனுக்கும் கொச்சிக்காரனுக்கும் இந்த வரி இனித்திருக்காது. ஒருவனுடைய உண்மை உழைப்பு இன்னொருவன் ஊரை எரித்த நெருப்பாகவும் இருந்திருக்கிறது.

குளச்சலில் வென்றதைவிட, வென்ற பிறகு அந்தக் கைதியை நடத்திய விதத்தில்தான் மார்த்தாண்ட வர்மா பெரிய அரசர் என்று நான் நினைக்கிறேன். வேறு பல காரியங்களில் அவரோடு எனக்கு ஒத்துப்போகாது. அடுத்த கேள்வியில் அது வருகிறது.

கருங்கல் வாசகி: வெளிநாட்டுக்காரனோடு நடந்த போரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நம் ஊரில் நமக்குள்ளேயே நடந்த போருக்கு ஏதாவது கல் இருக்கிறதா?

இருந்ததம்மா, உள்நாட்டுப் போர் இங்கும் இருந்தது. மருமக்கள் வழி மரபுப்படி (மன்னரின் மகனுக்கல்ல, சகோதரியின் மகனுக்கே உரிமை) அரியணைக்கு வந்த மார்த்தாண்ட வர்மாவுக்கும், முந்தைய மன்னர் ராம வர்மாவின் பிள்ளைகளான தம்பிமாருக்கும், அவர்களோடு சேர்ந்த, செல்வாக்கு மிக்க பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்கும் நடந்த சண்டை. தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். எட்டு வீட்டார் பிடிபட்டு அழிக்கப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கடற்கரையில் கொண்டு விட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். வென்றவருக்கு அரண்மனையும் தூணும் இருக்கின்றன. நெய்யாற்றின்கரையில் அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலா மரத்தின் பொந்துகூடக் கம்பி வேலிக்குள் காக்கப்படுகிறது. தோற்ற தம்பிமாருக்கு வில்லுப்பாட்டு மட்டும்தான்.

தம்பிமார் கதையை நான் சிறுமியாக ஒரு கோயில் கொடை விழாவில், இரவு முழுக்கக் கண்விழித்து, அம்மாவின் மடியில் சாய்ந்து கேட்டேன். குடமும் உடுக்கும் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தன. தம்பிமார் சூழ்ச்சியால் சாகடிக்கப்படும் இடம் வந்தபோது, பாட்டை நடத்திய அண்ணாவி குரலைத் தாழ்த்தினார். பந்தலில் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சாவுக்கு அன்று புதிதாக அழுதார்கள். அதற்கு நிகரான நினைவுச் சின்னத்தை நான் எந்தச் சாலையோரத்திலும் கண்டதில்லை. உங்கள் ஊர்க் கொடையில் யாராவது அதைப் பாடினால் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்: எங்கள் ஊரில் போர் நடந்ததா?

நடந்தது. 1809 பிப்ரவரி 10. திருவிதாங்கூரின் தளவாய் (முதன்மை அமைச்சர்) வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராகச் செய்த கிளர்ச்சியின்போது பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஆங்கிலப் படை உங்கள் கணவாய்க் கோட்டை மதிலைக் கைப்பற்றி உள்ளே புகுந்தது. அதன் பிறகு உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றியே கைமாறின. வேலுத்தம்பி நம் தலக்குளத்தில் பிறந்தவர். இப்போது காற்றாலைகள் சுழலும் அந்த இடைவெளி வழியாக பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் மலை எப்படி நெருங்கி வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கே ஏன் மதில் கட்டினார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அழகியமண்டபம், பள்ளி ஆசிரியை: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப்போக விரும்புகிறேன். எப்படிப் போகலாம்?

திங்கட்கிழமை வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. காலையில் முதலில் குளச்சல். வெயில் ஏறுவதற்கு முன் தூணைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் அரை மணி நேரம் உட்காருங்கள். கப்பல் எங்கே நின்றிருக்கும் என்று பிள்ளைகளே கை நீட்டிக் காட்டட்டும். பிறகு இரணியல் வழியாக, டச்சுப் படை நடக்க நினைத்த அதே திசையில், பத்மநாபபுரம். அங்கே டிலனாய் மன்னர் முன் சரணடையும் ஓவியத்தைக் காட்டுங்கள். இந்த அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-ஐயும் சொல்லிவிடலாம். கடைசியாக உதயகிரி. கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. மான் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவார்கள், ஓடட்டும். கல்லறையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நான் பிள்ளைகளோடு போனபோது வழியில் இருந்த பலகையின் மேல் யாரோ சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அம்புக்குறி மறைந்துவிட்டது. பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். இருபது நிமிடம் போயிற்று. அந்த வருடம் அரையாண்டுத் தேர்வில் டிலனாய் கேள்விக்கு யாரும் தவறாக எழுதவில்லை. அதனால் ஒரு பழைய துணியும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

கல்லறை முன் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். தமிழ் எழுத்தைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். பழைய எழுத்து, தேய்ந்தும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சொல்லாகப் பிடிப்பார்கள். அன்று என்னோடு வந்த ஒரு சிறுமி, மீனவர் வீட்டுப் பெண், விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே ஓட்டி இரண்டு சொல்லைச் சேர்த்துப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இவருக்குத் தமிழ் தெரியுமா?"

"முப்பத்தாறு வருடம் இங்கே இருந்திருக்கிறார். தெரியாமல் இருக்குமா?" என்றேன்.

"அப்படியானால் எங்கள் ஊரில் செத்துப்போன மற்ற டச்சுக்காரர்களுக்கு?"

அந்தக் கேள்வியை அவள் கையாலேயே நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன்.